வாடகைக்கு வந்த கொட்டகை

வெள்ளிக்கிழமை பிறந்தால் சென்னைப் பட்டணத்தின் வடகரையில் ஒரு கேள்வி பிறப்பது நெடுநாளைய வழக்கம். துறைமுகத்து வாயில்களிலும், காசிமேட்டில் வலை உலர்த்துவோரிடையிலும், திருவொற்றியூர் ஆலைகளில் ஷிப்டு மாறும் வேளையிலும், "இந்த வாரம் என்ன படம்?" என்றே அது கேட்கப்பட்டு வந்திருக்கிறது. டி.எச். ரோட்டின் மதிற்சுவர்களில் பசை உலராத சுவரொட்டிகள் அதற்கு விடை சொன்ன காலம் ஒன்று உண்டு. இன்று வீட்டிலிருந்தபடியே பார்க்கத் தகுந்த புதுப் படங்களின் ஜாபிதாவைக் கைபேசியே வாரந்தோறும் நீட்டிவிடுகிறது. இவ்விரு காலங்களுக்கும் இடையே, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், ஒரு சிறு கடையின் மர அலமாரியில், முதுகில் பெயர் எழுதி ஒட்டிய கறுப்புப் பெட்டிகளின் வரிசைக்குள்ளே அந்த விடை அடங்கியிருந்தது. அந்த முப்பது ஆண்டுகளின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் முதலில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. 'ஹோம் வீடியோ', அதாவது வீட்டுக் காட்சி, என்று உலகத்தார் பெயரிட்ட அந்தப் பழக்கம், இக்கரைக்கு வந்து சேர்ந்தபோது எந்த ஒரு வீட்டுக்குள்ளும் அடங்க மறுத்துத் தெருவுக்கே சொந்தமாகிவிட்டது.

அவ்வாறு ஆனதன் காரணம் நிலத்தின் தன்மையில் இருக்கிறது. அர்ச்சியசிஷ்ட இராயப்பரின் பெயரால் விளங்கும் இராயபுரத்திலிருந்துதான், 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டை நோக்கிப் புறப்பட்டது. துறைமுகமும் இருப்புப்பாதையும் கூடிய இடத்தில் தொழில் வளர்வது இயல்பு. 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய சிறு கூடமே பிற்காலத்தில் எம்.ஆர்.எப். ஆயிற்று. 1948-இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் லேலண்டு லாரிகளைக் கட்டியது. 1955-இல் தோன்றிய என்பீல்டு இந்தியா புல்லட் மோட்டார் சைக்கிளைச் செய்தது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை ஒரு ரயில் நிலையத்துக்கே தன் பெயரைத் தந்தது. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் புகை விடத் தொடங்கியது. இவ்வளவு ஆலைகள் மூன்று முறை வைத்து இயங்கிய பிரதேசத்தில் ஜனங்களின் பொழுதைச் சூரியன் பகுக்கவில்லை. சங்கின் ஓசையே பகுத்தது.

சினிமாக் கொட்டகையோ வேறொரு கடிகாரத்தின்படி நடப்பது. 1914-இல் கெயிட்டி கொட்டகையைக் கட்டிச் சென்னையில் சலனப் படத் தொழிலுக்கு வித்திட்ட ரகுபதி வெங்கையா நாயுடு, தங்கசாலைப் பகுதியில் கிரௌன் கொட்டகையையும் எழுப்பினார். வடகரைவாசிகளுக்கு சினிமா அவ்வளவு பழைய சொந்தம். பின்னர் மகாராணி, அகஸ்தியா முதலிய தியேட்டர்கள் தண்டையார்ப்பேட்டைப் பக்கத்தில் ஓங்கி நின்றன. ஆயினும், பிற்பகல் முறை முடிந்து இரவில் நெடுநேரம் கழித்து வெளிவரும் தொழிலாளிக்கு செகண்ட் ஷோவின் முற்பாதி எப்போதும் நஷ்டம். இரவு முறைக்குப் போகிறவனுக்கு ஃபர்ஸ்ட் ஷோவின் முடிவு நஷ்டம். விடியுமுன் கட்டுமரம் தள்ளுகிற மீனவனுக்கு இரவுக் காட்சி என்பதே தூக்கத்தை விற்று வாங்க வேண்டிய சரக்கு. ஆள் கொட்டகையைத் தேடிப் போகாமல் கொட்டகை ஆளைத் தேடி வந்தால் எவ்வளவு சௌகரியம் என்று எவரேனும் கனவு கண்டிருப்பாராயின், அவர் இந்தக் கரையில் வசித்தவராகவே இருக்க வேண்டும்.

அக்கனவின் முதற்படி 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது வாய்த்தது. சென்னையிலேயே தயாரான சாலிடேர், டயனோரா முதலிய பெட்டிகள், கதவு வைத்த மரக்கூட்டுக்குள் அமர்ந்து, தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளில் பிரதிஷ்டையாயின. வெள்ளி இரவில் 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலையில் ஒரு திரைப்படம் என்று அரசாங்கம் அளந்து கொடுத்த பிரசாதத்தை, பெட்டி வைத்திருந்தவர் வீட்டுக் கூடத்திலும் வாசற்படியிலும் ஜன்னற் கம்பிகளைப் பற்றிக்கொண்டும் தெரு முழுவதும் பங்கிட்டுக்கொண்டது. பெட்டிக்காரர் ரசிகர்களைச் சகித்துக்கொண்டாரே தவிர, என்ன படம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவருக்கும் இல்லை, ரசிகர்களுக்கும் இல்லை. அந்த அதிகாரத்தை ஜனங்களின் கையில் கொடுக்க மற்றொரு யந்திரம் வர வேண்டியிருந்தது.

அந்த யந்திரம் ஜப்பானில் பிறந்தது. 1975-இல் சோனி நிறுவனம் பீட்டாமாக்ஸ் என்பதையும், 1976-இல் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். என்பதையும் சந்தைக்குக் கொண்டுவந்தன. சித்திரத்தின் தெளிவில் முன்னதே சிறந்தது என்பது பல நிபுணரின் அபிப்பிராயம். எனினும் அதன் ஆதி நாடா ஒரு மணி நேரமே ஓடியது, பின்னதன் நாடா இரண்டு மணி நேரம் ஓடியது. நம் நாட்டுக்கு வந்த வி.எச்.எஸ். கேசட்டுகளில் மூன்று மணி நேரம் கொள்ளக்கூடியவை மிகுதி. பாட்டும் சண்டையும் நகைச்சுவைத் தனிக்கதையும் சேர்ந்து இரண்டரை மணிக்குக் குறையாத தமிழ்ப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் வேறில்லை. 1982-இல் வர்ண ஒளிபரப்பு தொடங்கி, அவ்வாண்டின் ஆசிய விளையாட்டை ஒட்டி வர்ணப் பெட்டிகள் நாட்டில் பெருகவே, பெட்டிக்குத் துணையாக இந்த யந்திரத்தையும் நாடும் ஆவல் மூண்டது. வீடியோ கேசட் ரிக்கார்டர் என்ற நீண்ட பெயரை உச்சரிக்கப் பொறுமையில்லாத வடசென்னை அதற்கு 'டெக்கு' என்று பெயரிட்டது.

டெக்கு வந்த வழியைச் சொல்ல வேண்டுமானால், கடலுக்கு அப்பால் நடந்த ஒரு துயரத்தைத் தொட்டுச் செல்லாமல் இயலாது. 1962-இல் பர்மாவில் நே வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றி, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வியாபாரங்களையும் வங்கிகளையும் தேசிய உடைமையாக்கியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் தேடிய பொருளையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுள் சிலர் வியாசர்பாடியிலும், சிலர் மணலிக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட சடையங்குப்பத்திலும் குடியேறினர்; அங்கே இன்றும் பர்மா நகர் என்று ஒரு குடியிருப்பு உண்டு. பிழைப்புக்கென 1969-இல் துறைமுகத்துக்கு எதிரே, பீச் ஸ்டேஷனை ஒட்டிய ராஜாஜி சாலை நடைபாதையில் அவர்களுக்குக் கடைகள் ஏற்பட்டன. அதுவே பர்மா பஜார். கப்பலிலிருந்து இறங்கும் மாலுமி கையில் கொண்டுவந்த சரக்கை விற்பதற்குச் சாலையைக் கடந்தால் போதும் என்ற நிலையில் இருந்த அக்கடைகளுக்கு, அயல்நாட்டுச் செண்ட்டும் கடிகாரமும் டேப்ரிக்கார்டரும் தாமே வந்து சேர்ந்தன. பிற்பாடு சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே பறந்து பறந்து சாமான் சுமக்கும் தொழிலாளர் ஒரு வர்க்கமாகவே உருவாயினர். அவர்களுக்குப் பஜாரார் இட்ட பெயர் 'குருவி'. சுங்க வரி மலைபோல் நின்ற அந்நாளில், அகாய், ஃபுனாய், நேஷனல் பானாசோனிக் என்ற பெயர் தாங்கிய டெக்குகளில் எத்தனை முறையாக வரி கட்டி வந்தவை, எத்தனை குருவியின் சிறகில் ஒளிந்து வந்தவை என்று ஆராய்வது சுங்க இலாகாவின் வேலை. சரித்திரம் எழுதுகிறவனுக்கு வேண்டியது, அவை பீச் ஸ்டேஷனில் மின்சார ரயிலேறி, இராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் என்று வடக்கு நோக்கிப் பிரயாணம் செய்தன என்பதுதான்.

அதே வழியில் கேசட்டுகளும் சென்றன. மலேயா, சிங்கப்பூர், இலங்கை, ஐரோப்பா முதலிய இடங்களில் வாழும் தமிழர்க்கெனத் தயாரிப்பாளர்கள் விற்ற உரிமையின் பேரில் அயல்நாட்டில் பதிவாகிய நாடாக்கள், விற்றவரின் சொந்த ஊருக்கே கடல் வழியாகத் திரும்பிவந்து, இங்கே ஒன்று பத்தாகப் பெருகின. நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதி எடுக்குந்தோறும் வர்ணம் ஒரு பங்கு வெளுக்கும். முகம் ஒரு பங்கு மங்கும். ஆகவே கடைக்குச் செல்லும் ரசிகன் படத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் "பிரிண்ட் எப்படி?" என்று கேட்கக் கற்றுக்கொண்டான். ஏட்டுச் சுவடி காலத்தில் மூலப்பிரதியைத் தேடி அலைந்த பண்டிதர்க்கும் இவனுக்கும் இவ்விஷயத்தில் பேதம் அதிகமில்லை.

டெக்கை விலைக்கு வாங்குவது ஆலைத் தொழிலாளியின் சக்திக்கு எளிதில் எட்டாத காரியமாக இருந்தது. எனவே கேசட்டு வாடகைக் கடையே டெக்கையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் ஓர் இரவுக்கு வாடகைக்குக் கொடுக்கும் வழக்கம் தோன்றியது. அவ்வியாபாரத்தின் நடைமுறை விசித்திரமானது. தெருவில் நாலைந்து பேர் கூடிப் பங்குப் பணம் திரட்டுவார்கள். பணம் தர இயலாதவன் தன் வீட்டு மின்சாரத்தைத் தருவான்; திண்ணை உடையவன் திண்ணையைத் தருவான். கடைக்காரர் முகம் தெரியாதவராயின் ரேஷன் கார்டு அடமானமாகும். அந்தி சாயும் வேளையில், மீன் சுமந்த ஈரம் உலராத மீன்பாடி வண்டியில், பழைய போர்வைகளுக்கு நடுவே பெட்டி வந்து இறங்கும். உடன் வரும் கடைப் பையன் வெறும் கூலியாள் அல்லன். அந்த ஓர் இரவுக்கு அவன் ஆபரேட்டர், மராமத்துக்காரன், காவற்காரன் என்ற மூன்று உத்தியோகங்களையும் வகிப்பவன். திரையில் கோடுகள் ஓடினால் டிராக்கிங் திருகி நேராக்குவதும், சித்திரம் பனி மூடினாற்போல் மறைந்தால் மூடியைத் திறந்து ஸ்பிரிட் நனைத்த துணியால் 'ஹெட்'டைத் துடைப்பதும், நாடா சிக்கிக்கொண்டால் அறுபடாமல் மீட்பதும் அவன் கற்ற வித்தை. பொறியியற் கல்லூரி வாசலை மிதியாமல் யந்திர நுட்பம் பயின்ற இளைஞர் பலருக்கு அந்த இரவுகளே பாடசாலை.

ஓர் இரவுக்கு மூன்று படம் என்பது ஏறக்குறைய சட்டம். அவற்றின் வரிசையும் யாரும் எழுதி வைக்காமலே ஏற்பட்ட ஒரு தர்மத்தைத் தழுவியது. முதலில் பெரியவர்க்கும் பெண்டிர்க்கும் உரியதாக ஒரு பக்திப் படமோ எம்.ஜி.ஆர். படமோ சிவாஜி படமோ ஓடும். பிள்ளைகள் மடியிலும் பாயிலும் உறங்கத் தொடங்கியபின், எல்லாரும் காத்திருந்த புதுப் படம் வரும். பிற்பகல் முறை முடித்துத் திரும்பும் தொழிலாளிக்காக அதைச் சற்றுத் தாமதித்துத் தொடங்குவதும் உண்டு. விடியற்காலத்தில், தூக்கத்தை வென்று மிஞ்சிய இளைஞர்க்கென்று ஒரு சண்டைப் படம்; பாஷை புரியாவிட்டாலும் புரூஸ் லீயின் கை கால்கள் பேசுவது குத்துச்சண்டைக்குப் பேர்போன இப்பிரதேசத்தாருக்கு நன்றாகப் புரிந்தது. இடைவேளை எப்போது, எந்தப் பாட்டைத் திருப்பிப் போடுவது, எந்தக் காட்சியை ஓட்டிவிடுவது என்பவையெல்லாம் சபையின் தீர்மானங்கள். தியேட்டரில் டிக்கட் வாங்கிய எவனுக்கும் கிடைக்காத சுதந்திரம் இது.

சுப காரியமும் அசுப காரியமும் டெக்கு இல்லாமல் நிறைவுறாத நிலை விரைவில் ஏற்பட்டது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஆடித் திருவிழா என்பவற்றோடு நிற்காமல், இறந்தார்க்கு நடக்கும் பதினாறாம் நாள் காரியத்தின் முன்னிரவிலும், உறவினர் கண்விழித்திருக்க வேண்டும் என்பதற்காகப் பந்தலில் படம் ஓட்டினார்கள். துக்க வீட்டில் சினிமாவா என்று முகம் சுளிப்போர், அதே இரவில் முன்பு கூத்தும் கதைப்பாட்டும் நடந்தன என்பதை மறந்தவர்கள். சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண்விழிக்கும் விரதம், பரமபத சோபானப் படத்திலிருந்து விடுதலை பெற்று டெக்கின் துணையை நாடியது. தெய்வத்தின் பேரால் விழித்திருந்தவர்களுள் எத்தனை பேர் தெய்வத்தை நினைத்தனர் என்பது வேறு விசாரம்.

தெருவின் இந்தப் பொதுக் களிப்பு அரசாங்கத்தின் கண்ணுக்குத் தப்பவில்லை. தமிழ்நாட்டில் 1984-ஆம் ஆண்டு, வீடியோ கேசட் ரிக்கார்டரின் மூலம் தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தவென்றே ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் மத்திய அரசாங்கம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, களவாகப் பிரதி எடுப்போர்க்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் வரை அபராதமும் விதித்தது. ஆனால் 1984 டிசம்பரில் நடந்த தேர்தலின்போது, அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். உயிரோடும் நலத்தோடும் இருக்கிறார் என்பதை வாக்காளர்க்குக் காட்டியது எது? ஊர் ஊராகத் திரையிடப்பட்ட வீடியோ நாடாதான். எந்த யந்திரத்துக்கு அவ்வாண்டில் கடிவாளம் இடப்பட்டதோ, அந்த யந்திரத்தின் மீதே ஏறி அவ்வாண்டின் பிரசாரம் நாடெங்கும் சென்றது.

சட்டத்தார்க்குத் தீராத சங்கடமாக இருந்த வினா, வீடு எது, பொது இடம் எது என்பதாகும். ஒரே டெக்கிலிருந்து கம்பி இழுத்துப் பல வீடுகளுக்குப் படம் அனுப்பும் கேபிள்காரர்கள் தோன்றியபோது, அவரவர் தம் தம் வீட்டுக்குள் அமர்ந்து பார்ப்பதைப் பொதுக் காட்சி என்று எங்ஙனம் சொல்லலாம் என்று அவர்கள் வாதாடினார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் கார்வாரே பிளாஸ்டிக்ஸ் வழக்கில் 1989-இல் அளித்த தீர்ப்பு, சுவர்கள் பிரித்தாலும் பார்ப்போர் பொதுஜனமே என்று கூறி அவ்வாதத்தைத் தள்ளியது. நீதிபதிகள் நூல்களைப் புரட்டிக் கண்டடைந்த அவ்வுண்மையைத் தண்டையார்ப்பேட்டையின் திண்ணைகள் முன்பே அறிந்திருந்தன.

கேபிளும், 1993-இல் தோன்றிய சன் தொலைக்காட்சியும் டெக்கின் செல்வாக்கைக் குறைத்தன. பின்பு வந்த வட்டத் தட்டு அதை வழக்கொழித்தது. வி.சி.டி. என்னும் அத்தட்டு ஒன்றில் எழுபத்து நான்கு நிமிஷமே அடங்குமாதலால் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டோ மூன்றோ தட்டுகள் வேண்டியிருந்தன. கதாநாயகன் வில்லனை நோக்கி ஓங்கிய கை, அடுத்த தட்டைச் செருகும் வரை ஆகாயத்தில் நின்றது. படம் வெளியான சில நாட்களிலேயே தியேட்டருக்குள் காமிராவை மறைத்து எடுத்த 'திருட்டு வி.சி.டி.' நடைபாதைகளில் பரவவே, 2004-இல் தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்தில் வீடியோத் திருடர்களும் ஓர் இனமாகச் சேர்க்கப்பட்டனர். சாராயம் காய்ச்சுவோரும் குடிசை நிலம் அபகரிப்போரும் இருந்த ஜாபிதாவில், தட்டு விற்கும் நடைபாதைக்காரனும் இடம் பெற்றான்.

தண்டனை சாதிக்காததை விலை ஓரளவு சாதித்தது. மோசர் பேயர் நிறுவனம் நேர்மையான வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தபோது, அசலுக்கும் களவுக்கும் இடையே இருந்த விலைப் பள்ளம் பெரும்பாலும் தூர்ந்துபோயிற்று. 2006-இல் தொடங்கிய இலவச வர்ணத் தொலைக்காட்சித் திட்டம், இனி ஒரு தெரு ஒரு பெட்டியின் முன் கூட வேண்டிய அவசியத்தைக் குடிசை வரை ஒழித்தது. 2015-இல் இயக்குநர் சேரன், கொட்டகையை நம்பாமல் படத்தை நேரே வீட்டுக்குக் கொண்டுசெல்லும் நோக்கத்தோடு தம் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை'யை 50 ரூபாய் டி.வி.டி.யாக வெளியிட்டதை, அத்தட்டுக் காலத்தின் கடைசித் துணிகர முயற்சி எனலாம். அடுத்த ஆண்டில், வி.எச்.எஸ். யந்திரத்தை உலகில் கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமும் உற்பத்தியை நிறுத்தியது.

பெருந்தொற்று வந்த 2020-இல் தியேட்டர்கள் பூட்டப்பட்டன. மே 29-இல் 'பொன்மகள் வந்தாள்' கொட்டகையைத் தொடாமலே வீடுகளுக்கு வந்தது. அதே ஆண்டில் தண்டையார்ப்பேட்டையின் அகஸ்தியா தன் திரையை நிரந்தரமாக இறக்கிவிட்டது. வீட்டுக் காட்சியால் கொட்டகை அழியும் என்று 1984-இல் கலங்கியவர்களின் ஆரூடம் முப்பத்தாறு ஆண்டு தாமதித்தாவது பலித்ததோ என்று எண்ணத் தோன்றும். டெக்கின் காலமெல்லாம் அகஸ்தியா கூட்டத்தோடு நிமிர்ந்து நின்றதை நினைவுகூர்ந்தால், அவ்வாறு சொல்வது டெக்குக்கு இழைக்கும் அநீதியாகும். டெக்கு கொட்டகையின் தம்பி. கூட்டம் சேர்ப்பது என்ற குலத்தொழிலை அதுவும் விடவில்லை.

மறு ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி வெளிவந்தது பா. ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'. எழுபதுகளின் வடசென்னையையும், துறைமுகத் தொழிலாளரையும், பரம்பரைக்குப் பரம்பரை மோதும் குத்துச்சண்டை மேடையையும், அம்மேடையைச் சூழ்ந்து ஆர்ப்பரித்த ஜனத்திரளையும் காட்டிய படம் அது. எந்தத் தெருக்களின் கதையோ அந்தத் தெருக்களுக்கு அது கொட்டகையின் வழியாக வரவில்லை. அமேசான் பிரைமின் வழியாக, வீடுதோறும், சில வீடுகளில் ஆள்தோறும் தனித்தனியே வந்து சேர்ந்தது. திரைக்குள்ளே ஆயிரம் பேர் கூச்சலிட, திரைக்கு வெளியே ஒருவன் சத்தமின்றிப் பார்த்திருந்தான். முன்னாளில் அதே கதை மீன்பாடி வண்டியில் வந்திருக்குமாயின், எந்தக் குத்துக்கு எந்தத் திண்ணை எழுந்து நின்றிருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

இன்று மாலை வேளையில் பர்மா பஜார் வழியே நடந்து செல்வோர், ஒரு காலத்தில் டெக்குகளும் கேசட்டுகளும் அடுக்கியிருந்த அக்கடைகளில் கைபேசி உறைகளும் சார்ஜர்களும், காதில் செருகிக்கொள்ளும் சிறு ஒலிக்குமிழ்களும் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைக் காணலாம். அவற்றில் ஒன்றைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு, பீச் ஸ்டேஷனில் வடக்கு நோக்கிய ரயிலேறும் இளைஞன், இராயபுரம் தாண்டுமுன்பே இந்த வாரத்துப் படத்தைத் தொடங்கிவிடுகிறான். தோள் உரச அருகில் அமர்ந்திருப்பவனும் ஒருவேளை அதே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு தெரு முழுவதற்கும் ஓர் இரவுப் படத்தை விற்ற அதே கடை, இப்போது ஒருவன் காதுக்கு மட்டும் கேட்கும் படத்தை விற்கிறது. கடைக்காரர் பர்மாவிலிருந்து வந்தவரின் பேரனாக இருக்கலாம். எதை விட்டுவிட்டு வந்தாலும் அடுத்த சரக்குக்கு மாறிக்கொள்ளும் வித்தை அவர்கள் குடும்பத்துக்குப் பழகியது. தெருவுக்குத்தான் அது இன்னும் பழகவில்லை.